மெதுவாக விட்டால் தூங்கிவிடும்

எங்கள் வீட்டில் மக்காச்சோளம் கொட்டி வைக்க ஓர் அறை இருந்தது. ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் இருட்டுதான். நான் நாலாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில், உச்சிவேளையில் அந்த அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. மரத்தை வண்டு துளைப்பதுபோல 'ம்ம்ம்' என்று எழும்பும், நெடுநேரம் இழுக்கும், பிறகு நின்றுவிடும். நின்ற பிறகு வருகிற அமைதிதான் சத்தத்தைவிட மோசம். மறுபடி எப்போது தொடங்குமோ என்று கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். எதிரே டிவி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதில் என்ன ஓடியது என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

அம்மாவிடம் கேட்டேன். "அந்தப் பக்கம் போவாத" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைக் கவனித்தாள். எலியாக இருந்தால் எலி என்று சொல்லியிருப்பாள். பூனையாக இருந்தால் துடைப்பத்தை எடுத்திருப்பாள். அவள் இரண்டும் செய்யாததிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அத்தையைப் பிடித்திருந்த பேய்தான் அங்கே உட்கார்ந்துகொண்டு முனகுகிறது.

அத்தை என் அப்பாவின் தங்கை. களமருதூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா நல்ல மனிதர், வரும்போதெல்லாம் எனக்கு மிக்சர் வாங்கி வருவார். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்விளக்கு இல்லாமல் ரோட்டோரம் நின்றிருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் பைக்கில் வந்த மாமா அதன் பின்னால் மோதி, அந்த இடத்திலேயே போய்விட்டார். அப்போது அத்தைக்குக் கைக்குழந்தை. ஆண் குழந்தை, குப்புறக்கூட விழவில்லை.

அதற்குப் பிறகு டிராக்டர் சத்தம் கேட்டாலே அத்தைக்கு அது வந்துவிடும். முதலில் எழுந்து நிற்பாள். பிறகு கிணற்றில் விழுந்தவளைத் தூக்கிப் போட்டதுபோல மூச்சை அள்ளி அள்ளி வாங்குவாள். நெஞ்சு அடிப்பது ரவிக்கைக்கு மேலேயே தெரியும். கொஞ்ச நேரத்தில் விரல்கள் தானாகக் குவியும், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்விடும், மணிக்கட்டு உள்பக்கம் வளையும். கை கோழிக்கால் மாதிரி ஆகிவிடும். இரண்டு பேர் சேர்ந்து பிரித்தாலும் அந்த விரல்கள் பிரியாது. பார்த்தவர்கள் எல்லாரும் கையைத்தான் பார்த்தார்கள்.

அவளுடைய மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மகன் செத்த இடத்தில் இருந்த ஏதோ ஒன்று மருமகளைப் பிடித்துக்கொண்டது. "இவ கையில புள்ளய குடுக்க முடியாது. சுத்தமானதும் வந்து தூக்கிக்கட்டும்" என்று சொல்லி, குழந்தையை வைத்துக்கொண்டு அத்தையை மட்டும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த அம்மாளைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர், பேரனைக் கீழே விடப் பயந்தார். ஆனால் அத்தைக்குப் பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்துபோகும். அம்மா அவளைப் பின்பக்கம் அழைத்துப்போய்ப் பீய்ச்சவைப்பாள். அந்தப் பாலை ஏன் முருங்கைக்கன்றில் ஊற்றுகிறார்கள் என்று எனக்குப் புரியாது. அந்த நேரத்தில் அத்தையின் முகத்தைப் பார்க்கவும் எனக்குப் பிடிக்காது.

எங்கள் வீடோ வடக்கனந்தலுக்குப் போகிற ரோட்டின் மேலேயே இருந்தது. கரும்பு வெட்டுக் காலம். பாட்டுப் போட்டுக்கொண்டு டிராக்டர்கள் போவதும் வருவதுமாக இருக்கும். இதைவிடத் தோதான இடத்தை அந்தப் பேயே தேடினாலும் பிடித்திருக்காது.

அப்பா அத்தையைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். பரோட்டா கிடைக்கும் என்று நானும் ஒட்டிக்கொண்டேன். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது, இது பயத்தால் வருவது என்று டாக்டர் சொன்னார். அப்பாவுக்கு அது பெரிய ஏமாற்றம். வியாதி என்று ஏதாவது பேர் சொல்லியிருந்தால் களமருதூருக்குப் போய்த் தலை நிமிர்ந்து சொல்லியிருப்பார். பயத்துக்கு யார் மரியாதை கொடுப்பார்கள்? அவர் மாத்திரை வாங்க வரிசையில் நின்றபோது, வராந்தா பெஞ்சில் ஒரு நர்ஸம்மா அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அத்தையின் வயிற்றில் ஒரு கையை வைத்துக் காதுக்குள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து பார்த்த நான், அவர் மந்திரம் ஓதுகிறார் என்று நினைத்தேன். அதிலிருந்து இரண்டொரு நாளில்தான் மக்காச்சோள அறையில் அந்தச் சத்தம் தொடங்கியது.

ஒருநாள் அம்மா கழனிக்குச் சோறு எடுத்துக்கொண்டு போயிருந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. ரோட்டில் ஈ காக்கை இல்லை. சத்தம் எழும்பி, இழுத்து, நின்றது. நின்றது நின்றதுதான். காத்திருந்து பார்த்தேன், மறுபடி வரவில்லை. பயந்தவள் சும்மா இருந்திருக்கலாம். என் புத்தி, போய்க் கதவைத் தள்ளினேன்.

சோளக்குவியலின் மேல் சுவரில் சாய்ந்து அத்தை உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. ஒரு கை வயிற்றின் மேல். கதவு வழியாக விழுந்த வெளிச்சத்தில் சோளத்தூசி மட்டும் அசைந்தது, அவள் அசையவில்லை. வயிறு ஏறுகிறதா என்று பார்த்தேன். ஏறவில்லை. மாமாவைக் கூடத்தில் படுக்கவைத்திருந்தபோது அவர் வயிற்றையும் நான் இப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தையும் போய்விட்டாள் என்று நினைத்தேன். அப்போதுதான் அந்த வயிறு மிக மெல்ல மேலே வந்தது. கண்ணைத் திறக்காமலே, "உள்ள வந்து கதவ சாத்துடி. வெளிச்சம் குத்துது" என்றாள்.

நான் சாத்தினேன். ஏன் சாத்தினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"அது உள்ள இருக்குதா அத்த?" என்று இருட்டில் கேட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பிறகு சொன்னாள்: "இருக்குது. ஆனா தூங்குது. அந்த நர்ஸம்மா சொல்லிக்குடுத்தாங்க. மூச்ச உள்ள சாதாரணமா இழுக்கணும். வெளிய வுடறதுதான் நீளமா, மெதுவா வுடணும். ம்ம்ம்-னு வாய மூடிக்கினு வுட்டா இன்னும் நீளும். நெஞ்சு அடிக்கறத நம்ம நிறுத்த முடியாது. மூச்சு நம்ம கையில இருக்குது. மெதுவா வுட்டா அது தூங்கிடும். வேகமா வாங்கினா எழுந்துக்கும். அது எழுந்தாத்தான் கை இழுத்துக்குது."

ஒன்பது வயதுக்காரிக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. நான் அப்படியே நம்பினேன். அதன்பிறகு தினமும் மத்தியானம் அவளோடு போய் உட்கார்ந்தேன், அது எழுந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ள என்னையும் ஓர் ஆளாக எண்ணிக்கொண்டு. அவள் தன் கையை என் வயிற்றில் வைப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுப்போம், சேர்ந்து முனகுவோம். போகப்போக உடம்பு எங்கே முடிகிறது, சோளம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் மூச்சை விட்டு முடித்து அடுத்ததை இழுக்காமல் இருந்த இடைவெளியில், அறையின் மூலையில் இன்னொரு மூச்சு கேட்டது. மெதுவான, நீளமான மூச்சு. நான் அத்தையின் தொடையைக் கிள்ளினேன். "தூங்கட்டும், வுடு" என்றாள். அவளும் கேட்டாளா, என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாளா, எனக்குத் தெரியாது.

ஆனால் பலன் இருந்தது. டிராக்டர் வரும்போது அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி முனகுவாள். வியர்க்கும், ஆனால் கை இழுக்காது. பிறகு வியர்ப்பதும் குறைந்தது. ஒரு முறை டிராக்டர் வாசலிலேயே நின்று, டிரைவர் தண்ணீர் கேட்க, அத்தையே சொம்பில் மொண்டு கொடுத்தாள். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

அத்தை அப்பாவிடம், "மூச்ச மெதுவா வுட்டா சரியாப் போவுதுண்ணா" என்று சொல்லிப் பார்த்தாள். "மூச்சு நாங்கல்லாம் வுடலயா?" என்றார் அப்பா. இருந்தாலும் தங்கை தேறிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் களமருதூருக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். அங்கே மாமியாரம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம்: "அடங்கிக் கெடக்குது. அடங்கறது வேற, போறது வேற. பம்பை வச்சி, பேரக் கேட்டு, முடியில ஆணி அடிச்சாத்தான் போனதா அர்த்தம்."

எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான். பம்பை மேளத்தை அடிக்க அடிக்க, பிடித்திருப்பது வெளியே வந்து ஆடும். நீ யார் என்று கேட்க வேண்டும். அது பேரைச் சொல்லும். என்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுத்துவிட்டு, பிடிபட்டவளின் உச்சிமுடியில் ஒரு கற்றையைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்து அறுத்துவிட்டால், அது மரத்தோடு போய்விடும். அதாவது, வந்தால்தான் போக முடியும். வராமலே ஒருத்தி நன்றாக இருந்தால் அதற்கு எங்களிடம் கணக்கே கிடையாது. குழந்தை வேண்டுமென்றால் அத்தை கூட்டத்துக்கு நடுவில் ஒருமுறையாவது ஆடிக் காட்ட வேண்டும். அவளோ ஆடாமல் இருப்பதைத்தான் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டிருந்தாள்.

கல்வராயன் மலைக்கு ஏறுகிற ரோடு தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, வற்றிப்போன ஓடைக்கரையில் ஒரு முனியப்பன் கோயில் இருக்கிறது. அமாவாசை மத்தியானம் அங்கே போனோம். மலை தலைக்கு மேலேயே நின்றது. காற்று சுத்தமாக இல்லை. புளியமரத்தின் அடிமரம் முழுக்கப் பழைய ஆணிகள், ஒவ்வோர் ஆணியிலும் ஒரு கற்றை முடி. சில கற்றைகள் வெளுத்திருந்தன. காற்றே இல்லாதபோது அந்த முடிகளில் ஒன்றிரண்டு மட்டும் லேசாக அசைந்ததை நான் பார்த்தேன். அம்மாவிடம் சொன்னதற்கு முதுகில் ஒன்று வைத்தாள்.

களமருதூர்க்காரர்கள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மாமியாரம்மாவின் இடுப்பில் குழந்தை, கையில் பால் பாட்டில். அத்தை எழுந்து ஓரடி வைத்தாள். குழந்தை அவளைப் பார்த்தது. பிறகு யாரோ என்று நினைத்துப் பாட்டியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பம்பை தொடங்கியது. பம்பையைக் காதால் கேட்பதாக நினைத்திருந்தேன். அது வயிற்றில்தான் கேட்டது. எனக்கே மூச்சு வேகமானது. வேடிக்கை பார்க்க வந்திருந்த ஒரு பெண் ஆட ஆரம்பித்து, அவளைப் பிடித்து விபூதி பூசி உட்காரவைத்தார்கள். அத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை மூடிக்கொண்டு, நீளமாக மூச்சை விட்டபடி இருந்தாள். அடித்தார்கள், அடித்தார்கள், கை வலிக்க அடித்தார்கள். சாம்பிராணிப் புகையில் எல்லாருக்கும் கண் எரிந்தது. அத்தைக்கு ஒரு முடிகூட அசையவில்லை. எனக்கு ஒரே பெருமை.

பம்பைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இது வரமாட்டேங்குதுங்க. அமுக்கிக்கினு குந்திக்கினு இருக்குது. ரொம்ப அழுத்தமானது" என்றார்.

மாமியாரம்மா எழுந்துவிட்டார். "நான் இன்னா சொன்னேன். வாங்க போலாம். அடுத்த அமாவாசைக்குப் பாத்துக்கலாம்" என்று குழந்தையை இடுப்பில் ஏற்றினார். குழந்தை வீரிட்டு அழுதது. "கொஞ்சம் இருங்கம்மா" என்று அப்பா கெஞ்சிக்கொண்டே பின்னால் போனார். அந்த அம்மாள் கேட்கவில்லை.

அத்தை கண்ணைத் திறந்து போகிற குழந்தையைப் பார்த்தாள். அப்போது அவள் மூச்சு மாறியதை அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் கவனித்தேன். தினமும் அவள் மூச்சோடு உட்கார்ந்தவள் அல்லவா. முதலில் வாய் திறந்தது. பிறகு தோள் ஏறி இறங்கியது. பிறகு அள்ளி அள்ளி வாங்க ஆரம்பித்தாள். நான் பதறிப்போய் அம்மாவின் கையை உதறிக்கொண்டு ஓடி, அவள் காதருகே, "மெதுவா அத்த, மெதுவா. அது எழுந்துக்கும்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கண்களில் என்னைத் தெரிந்த யாரும் இல்லை. நான் பின்னால் நகர்ந்து, நகர்ந்து, ஆணியடித்த மரத்தில் முதுகு இடித்துத்தான் நின்றேன்.

விரல்கள் குவிந்தன. மணிக்கட்டு வளைந்தது. "வந்துடுச்சி" என்று யாரோ சொன்னார்கள். பம்பை மறுபடி எழும்பியது. மாமியாரம்மா நடையை நிறுத்தினார்.

"யாரு நீ?" என்றார் பம்பைக்காரர்.

மூச்சுதான் வந்தது. வேப்பங்குழையால் முதுகில் அடித்தார். "பேரச் சொல்லு."

"பேரு இல்ல." அது அத்தையின் குரல் இல்லை. ஆம்பளைக் குரலும் இல்லை. தொண்டைக்குக் கீழே எங்கிருந்தோ வந்தது.

"எதுகூட வந்த?"

"புள்ளகூட."

"இவள வுட்டுட்டுப் போறியா?"

"போறேன். புள்ள எந்த வூட்டுக்குப் போவுதோ அந்த வூட்டுக்குப் போறேன். இவகிட்ட இருந்தா தூங்குவேன். வேற வூட்ல இருந்தா அந்த வூட்ல எழுந்துக்குவேன்."

பம்பை தானாக நின்றுவிட்டது. பம்பைக்காரர் கையில் எடுத்த சுத்தியலைக் கீழே வைத்தார். பேர் சொல்லாததை ஆணி அடிக்க முடியாது, எங்கே தூங்குகிறேன் என்கிறதோ அங்கே தூங்கவிடுவதுதான் வழி என்று தணிந்த குரலில் சொன்னார். எல்லாரும் மாமியாரம்மாவைப் பார்த்தார்கள். அவர் தன் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தார். கொஞ்சம் முன்புவரை அது செத்த மகனின் மிச்சம். இப்போது அதைத் தொட்டுக்கொண்டிருக்கவே அவருக்குக் கை கூசியது. அழுதுகொண்டே வந்து அத்தையின் மடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

வளைந்த கைகளால் அத்தையால் பிள்ளையைப் பிடிக்க முடியவில்லை. நழுவியது. அம்மா ஓடிவந்து தாங்கிக்கொண்டாள். அத்தை குழந்தையின் தலையில் முகத்தை வைத்து, வாயை மூடி, 'ம்ம்ம்' என்று நீளமாக விட்டாள். மறுபடி விட்டாள். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. பிள்ளை வந்ததும் பேய் தூங்கப்போனதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இப்போது எனக்கு விவரம் தெரியும். வேகவேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்துபோய் விரல்கள் இழுத்துக்கொள்ளும். மூச்சை நீளமாக விட்டால் நெஞ்சுத்துடிப்பு தணியும், விரலும் விடும். யாருக்கும் இது நடக்கும், இதில் பேய்க்கு வேலையில்லை. எனக்குக் கல்யாணமான பிறகு ஒருநாள் அத்தையிடமே கேட்டேன், அன்றைக்கு நீயாகத்தானே செய்தாய் என்று. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "ஆரம்பிச்சது நான்தான்" என்றாள். அடுத்த கொத்தை எடுத்து உருவினாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை, கேட்கத் துணியவில்லை என்பதுதான் நிஜம்.

அந்த வருஷம் மழை முடிந்து, குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற சமயத்தில், மாமியாரம்மாவும் மாமாவின் அண்ணனும் வந்தார்கள். பேரன் ஆசை யாரை விட்டது. அப்பா வீட்டில் இல்லை. அத்தை குழந்தையோடு உள்ளே இருந்தாள். நான் வாசற்படியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். மாமியாரம்மா என் பக்கத்தில் குனிந்து, ரகசியம் போல, "சின்னப் புள்ளைங்க பொய் சொல்ல மாட்டீங்க. நெசத்த சொல்லு பாப்பா. அது போயிடுச்சா? போயிடுச்சின்னா எம் பேரன இன்னிக்கே தூக்கிக்கினு போயிடுவேன்" என்றார்.

நான் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

"போவலிங்க ஆயா. தூங்குது. பாப்பா பக்கத்துலயே தூங்குது. மத்தியானத்துல மூச்சு வுடறது கேக்கும், நானே கேட்டிருக்கேன்."

அவர் மெதுவாக நிமிர்ந்தார். வாங்கி வந்திருந்த பிஸ்கட்டையும் சின்னச் சட்டையையும் படியில் வைத்தார். அம்மா காபி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவர்கள் ரோட்டுக்குப் போய்விட்டார்கள். அப்புறம் அவர்கள் பிள்ளையைக் கேட்டு வரவே இல்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து அத்தை வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள் போல. என்னை வாரி இழுத்து நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். நோட்டு கீழே விழுந்தது. நல்லதைத்தானே சொன்னேன், எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. என் காது அவள் நெஞ்சின் மேல் அழுந்தியிருந்தது. உள்ளே அது தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மூச்சும் மெதுவாக இல்லை, அள்ளி அள்ளி வந்தது. அவள் பிடியை உதறித் தள்ளிவிட்டு, "எழுந்துக்கிச்சிம்மா, அது எழுந்துக்கிச்சி" என்று கத்திக்கொண்டே அம்மாவிடம் ஓடினேன்.